வடக்குச் சுவரின் முப்பத்தோரு படங்கள்

ஜெரால்டுக்குச் செங்கோடன் தர வேண்டியது ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய். கைமாற்றாக வாங்கியதல்ல, நோட்டு எழுதிக் கொடுத்ததுமல்ல. இப்படி ஒரு பாக்கி இருப்பதே ஜெரால்டுக்குத் தெரியாது என்றுதான் இருபத்தேழு வருஷமாகச் செங்கோடன் நினைத்துக்கொண்டிருந்தான். தெரிந்தது அவனுக்கும் அவன் மனைவி நல்லம்மாளுக்கும் மட்டும். அவளிடமும் ரொம்ப நாள் கழித்து, விஷக்காய்ச்சலில் கிடந்த ஒரு வாரத்தில், இனிப் பிழைக்க மாட்டோம் என்று பயந்துபோய்த்தான் சொன்னான். பிழைத்துக்கொண்டான். பாக்கியும் கூடவே பிழைத்துக்கொண்டது.

ஆனி மாசத்து ஒரு சாயங்காலம் கோயில் பூசாரி மணியன் வந்து வாசலில் நின்றபோது, செங்கோடன் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங் மாமா, சேலத்துல இருந்து ஒரு போட்டோக்காரரு போன் பண்ணுனாரு. நாளைக்கு நம்ம கோயிலப் படம் புடிக்க வாராராம். பழைய ஆளாம். ஜெரால்டுன்னு பேரு சொன்னாரு."

தைலப் புட்டி கையில் அப்படியே நின்றது.

"உங்களையும் கேட்டாருங்க. செங்கோடன் இருக்கறாரா, நடமாட்டமா இருக்கறாரான்னு."

"என்னைய எதுக்குக் கேக்கறாரு?"

"அது எனக்கென்னங்க தெரியும். முட்டி போச்சுங்க, வாய் மட்டும் நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிப்போட்டேன். மல்லசமுத்திரத்துல பஸ்ஸ விட்டு எறங்குவாராம். நீங்க வண்டியில கூட்டிட்டு வந்துருங்க. எனக்குப் பூசை இருக்குது."

மணியன் போனதும் நல்லம்மாள் உள்ளே போய்ப் பழைய டால்டா டப்பாவை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். டப்பாவுக்குள் இருந்தது மூன்றாவது தடவையாகச் சேர்த்த பணம். முதல் தடவை சேர்த்தபோது சேலம் பஸ் ஏறி அஸ்தம்பட்டிக்கே போனான். ஜெரால்டின் ஸ்டூடியோ இருந்த இடத்தில் கண்ணாடிக் கடை இருந்தது. கடைக்காரருக்கு ஜெரால்டைத் தெரியவில்லை. ஏற்காடு ரோட்டில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினான். அந்தப் பணம் மகள் பிரசவத்தில் போனது. இரண்டாவது தடவை சேர்த்தது அவன் முட்டியிலேயே போனது. இது நூறு நாள் வேலையில் மிச்சம் பிடித்தது.

"நாளைக்காச்சும் குடுத்துருங்க," என்றாள் நல்லம்மாள். "என்னன்னு சொல்லிக் குடுக்கறதுன்னு யோசிச்சே இத்தன வருஷம் போயிருச்சு. சொல்லவே வேண்டாம். பாக்கெட்டுல வெச்சுட்டு வந்துருங்க."

"சொல்லாம குடுத்தா அது பிச்சை போட்ட மாதிரி ஆயிராதா?"

"சொல்லிக் குடுத்தா?"

சொல்லிக் கொடுத்தால் ஜெரால்டு அவன் முகத்தைப் பார்ப்பார். அவர் பார்க்கும்போது தன் முகத்தை எங்கே வைப்பது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றேழில் நடந்த சங்கதி இது. ஏரிக்கரை ஈஸ்வரன் கோயிலை அந்த வருஷம்தான் பிரித்துக் கட்டினார்கள். சோழர் காலத்துக் கோயில் என்பார்கள். அரச மரத்து வேர் உள்ளே புகுந்து, கல்லெல்லாம் பல் ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. சாமியைக் கலசத்தில் இறக்கி, தனியாகத் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டுப் பாலாலயம் வைத்தாகிவிட்டது. கட்டடத்தில் சாமி இல்லை. இனிக் கல்லைக் கழற்றலாம்.

கழற்றினால் மாட்ட வேண்டுமே. அதற்கு ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போடுவார்கள். வரிசை ஒன்று, கல் ஒன்று, கல் இரண்டு என்று கீழிருந்து மேலே. எனாமல் பெயிண்டில் போட்டால் காலத்துக்கும் கறை நிற்கும், சுண்ணாம்பில் போடுங்கள் என்று ஸ்தபதி சொல்லிவிட்டார். சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காது. அதனால் நம்பர் போட்ட கையோடு நாலு சுவரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள முடிவானது. அப்படி வந்தவர்தான் அஸ்தம்பட்டி ஜெரால்டு. மாதா கோயில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். கேமராவைப் பிடித்தால் கை ஆடாது என்று பேர் வாங்கியவர்.

நாலு சுவருக்கு நாலு பிலிம் ரோல். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். படத்துக்குப் பத்து ரூபாய். ஆக ஆயிரத்து நானூற்று நாற்பது. பஸ் சார்ஜ் இருபது. அதுதான் ஆயிரத்து நானூற்று அறுபது. எல்லாப் படமும் கைக்கு வந்ததும் பணம் என்று கோயில் திருப்பணிக் கமிட்டியில் பேச்சு.

செங்கோடனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கல் சுமக்கும் கூலி. ஒரு நாளைக்கு எழுபது ரூபாய். மூன்று நாளும் ஜெரால்டுக்கு ஏணி பிடிக்கிற வேலை அவனுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேலை செய்துவிட்டான், அந்த மூன்று நாளைப்போல ஒன்று வாய்க்கவில்லை. ஜெரால்டு ஒரு படம் எடுக்க அரை மணி நேரம் காத்திருப்பார். "வெயில் இன்னும் கொஞ்சம் சாயட்டும்ப்பா," என்று பாறை நிழலில் உட்காருவார். செங்கோடனும் உட்காருவான். கூலி கொடுத்து உட்கார வைக்கிற வேலையை அவன் அதற்கு முன்னால் கண்டதில்லை. ஜெரால்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குப் போசியைத் திறந்தால் அவர் சம்சாரம் இன்பமேரி வைத்த நெத்திலிக் குழம்பு மணக்கும். கோயிலுக்கு வெளியே, ஏரி மதகு வரைக்கும் தள்ளிப் போய்த்தான் தின்பார்கள். "உங்க சாமிக்கு வாசம் போயிடப் போவுது," என்பார் ஜெரால்டு. "சாமி கொட்டாயில இருக்குதுங்க. காத்து அந்தப் பக்கம் அடிக்கலீங்க," என்பான் செங்கோடன்.

வடக்குச் சுவரைக் கடைசியாக வைத்துக்கொண்டார். வருஷம் முழுக்க அந்தச் சுவருக்கு வெயில் கிடையாது. ஆனி மாசத்தில் மட்டும் சூரியன் வடக்கே தள்ளி நிற்கும். உச்சிப் பொழுதில் வெயில் சுவரை உரசிக்கொண்டு மேலிருந்து கீழே வழியும். அப்போது பார்க்க வேண்டும். வெறும் கல்லாக இருந்தது எழுத்தாக எழுந்து நிற்கும். வரி வரியாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பழைய எழுத்து. செங்கோடனுக்கு அப்போது புது எழுத்தே தெரியாது. ஆனாலும் ஒரு வரி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஏணி மேலே நின்று விரலால் தொட்டுக்கொண்டே போனான்.

முப்பத்தோரு படத்தில் சுவர் முடிந்தது. "அஞ்சு மிச்சம் இருக்கு. தண்ணி குடிச்சுட்டு வந்து எடுத்துக்கலாம். இதப் பிடி," என்று கேமராவை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார்.

அன்று காலையில் கணக்கு பார்க்கிற கமிட்டிக்காரர் ஒருத்தர் வாசலில் நின்று, ஜெரால்டு காதில் விழாமல், ஆனால் மற்றவர்கள் காதில் விழும்படி ஒன்று சொல்லியிருந்தார். "மாட்டுத்தோலக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஆண்டவன் வாசல்ல ஏறி வாரான் பாரு." பெல்ட்டைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, மணிபர்சைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் ஜெரால்டு உள்ளே வருவார். கேமராவுக்குப் போட்டிருந்த தோல் உறை மட்டும் அவர் நினைப்புக்கு வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று செங்கோடனுக்குக் காலையிலிருந்தே இருந்தது. எப்படிச் சொல்வது? இப்போது கேமரா தன் கையில் இருக்கிறது. ஆள் வருவதற்குள் உறையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டால், யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அடியில் ஒரு திருகு. திருகிக் கழற்றினான். உறை வந்துவிட்டது. பார்த்தால் கேமராவின் உடம்பிலும் கறுப்பாக, சொரசொரப்பாக, அதே தோல். இது எங்கே கழறும்? திருப்பித் திருப்பிப் பார்த்தான். இடது பக்கம் ஒரு குமிழ் இருந்தது. மேலே இழுத்தான். டப்பென்று முதுகுப் பக்கம் கதவு திறந்துகொண்டது. உள்ளே ஊதாவும் பழுப்புமாக ஒரு நாடா. உச்சி வெயில் அதன்மேல் விழுந்து மினுமினுத்தது. அழகாகத்தான் இருந்தது. கதவை எப்படி மூடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அழுத்தினான், மூடிக்கொண்டது. உறையையும் பழையபடி மாட்டிவிட்டான். ஜெரால்டு வந்து மிச்சம் ஐந்து படத்தை எடுத்தார். சுருட்டினார். போனார். திறந்ததை மூடிவிட்டோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றுதான் செங்கோடன் நினைத்தான்.

மறுநாளே சுவரைக் கழற்றி, கல்லையெல்லாம் ஏரிக்கரையில் அடுக்கினார்கள். மூன்றாம் நாள் மழை. சுண்ணாம்பு நம்பர் அத்தனையும் கரைந்து ஏரிக்குள் போனது. அதற்கடுத்த வாரம் ஜெரால்டு மூன்று சுவரின் படத்தோடு வந்தார். கமிட்டிக்காரர்கள் முன்னால் நின்று, "வடக்குச் சுவர் ரோல்ல வெளிச்சம் பட்டுருச்சுங்க. எல்லாம் கறுப்பு," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

"ஏன் பட்டுச்சு?"

"தெரியலீங்க."

"எல்லாப் படமும் வந்தாத்தான் பணம்னு பேச்சு. சுவத்தையும் கழட்டியாச்சு, நம்பரும் போச்சு. இனி நாங்க என்ன பண்ணறது?" என்று எழுந்தவர் அந்தக் கணக்குக்காரர்தான். "வேதக்காரனக் கூப்பிட்டா வேல இந்த லச்சணத்துலதான் இருக்கும். அவனுக்கென்ன அக்கற?"

ஜெரால்டு மூன்று சுவரின் படத்தையும் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். படம் கொடுக்காமல் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க முடியாது. கொடுத்துவிட்டுத்தான் போனார். நாலு எட்டு தள்ளித் தோளில் வடக்கயிற்றோடு செங்கோடன் நின்றான். வெளிச்சம் பட்டால் ரோல் போய்விடும் என்பது அவனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. வாயைத் திறந்திருந்தால் பாதிப் பேச்சாவது அவர் தலையிலிருந்து இறங்கியிருக்கும். திறக்கவில்லை. வடக்குச் சுவரைக் குத்துமதிப்பாகக் கட்டி முடித்தார்கள். அதற்கு முப்பத்தாறு நாள் கல் சுமந்தான். முப்பத்தாறு நாளும் கூலி வாங்கினான்.

மணியன் சொல்லிப்போன மறுநாள், பத்தரை மணி பஸ்ஸில் ஜெரால்டு மல்லசமுத்திரத்தில் வந்து இறங்கினார். தலை முழுக்க வெளுத்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. தோளில் துணிப்பை. செங்கோடனைப் பார்த்ததும், "என்னப்பா, முடியெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

"உங்களுக்கு வெளுத்துருச்சு, எனக்குக் கொட்டிருச்சுங்கண்ணா. ரெண்டும் ஒண்ணுதானுங்க." சிரிக்க முயன்றான். டப்பாவிலிருந்த பணம் சட்டைப் பையில் கவருக்குள் இருந்தது. நெஞ்சில் சூடாக உட்கார்ந்திருந்தது.

டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஜெரால்டு பேசிக்கொண்டே வந்தார். ஒரு மாசமாகப் பஸ்ஸில் சுற்றுகிறாராம். அந்தக் காலத்தில் படம் எடுத்த கோயில் ஒவ்வொன்றாகத் திரும்பப் போய் எடுக்கிறாராம். தாரமங்கலம், நாமக்கல், திருச்செங்கோட்டு மலை. மகன் ஜெரின் பெங்களூரிலிருந்து நாலு ரோல் வாங்கி அனுப்பியிருக்கிறான்.

"ஒரு ரோல் ஆயிரத்து நூறு ரூபாடா இப்ப. கழுவ, பிரிண்டு போடத் தனி. ஒரு தடவ அமுக்கினா முப்பது ரூபா போச்சு. இன்பமேரி கேக்கறா, இதுக்கு உங்கப்பன் வீட்டு நெலத்தையா வித்தீங்கன்னு."

"அக்கா நல்லா இருக்கறாங்களா?"

"வாயிக்கு ஒரு கொறையும் இல்ல. நீ எப்படி இருக்கே?"

"இருக்கறனுங்க," என்றான். இப்போதே சொல்லிவிடலாமா என்று தோன்றியது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிவிடலாம். எதிரே போர் போடுகிற ஒரு ரிக் லாரி ரோட்டையே அடைத்துக்கொண்டு வந்தது. ஒதுங்கி நின்று அது போவதற்குள் கோயில் திருப்பம் வந்துவிட்டது.

மணியன் சாவியோடு நின்றான். கேமராவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, போன்ல புடிச்சா ஆகாதுங்களா? எம்பட போன்லயே நல்லா வருதுங்களே," என்றான்.

"ஆகும்ப்பா. போன்ல எடுத்தா எடுத்த உடனே மறந்துடறேன். இதுல எடுத்தா வந்துச்சோ வரலையோன்னு பத்து நாளைக்கு வயித்தக் கலக்கிக்கிட்டே இருக்கும். அது பழகிப்போச்சு, இல்லாம இருக்க முடியல."

"காசு குடுத்து வயித்துவலி வாங்கறீங்க," என்று சொல்லிவிட்டு மணியன் பூசைக்கு உள்ளே போனான்.

மணி பன்னிரண்டை நெருங்கியது. இருவரும் பிரகாரம் சுற்றி வடக்குப் பக்கம் வந்தார்கள். வெயில் அப்போதுதான் சுவர் உச்சியில் தொட்டிருந்தது. கீழே இறங்க இறங்க எழுத்து ஒவ்வொரு வரியாக எழுந்தது. ஜெரால்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எழுத்து தெரியாதவனுக்கும் தெரியும், அது சரியில்லை. ஒரு வரி நாலு கல் தூரம் ஓடி, ஐந்தாம் கல்லில் முட்டி நின்றது. ஆறாம் கல்லில் எழுத்து பெரிசாக இருந்தது. ஓர் இடத்தில் ஒரு கல் தலைகீழாகவே இருந்தது.

"வேர்த்து ஒழுகுது. மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்," என்றார் ஜெரால்டு. கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிச் செங்கோடன் பக்கம் நீட்டினார். "இதப் பிடி."

செங்கோடன் கை மேலே வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாங்கண்ணா. நான் புடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"அன்னைக்கு நான்தானுங்க தொறந்தேன்." அவ்வளவுதான் வந்தது. மிச்சத்துக்குப் பதில் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினான். "ஆயிரத்தி நானூத்தி அறுவது. உங்களுக்கு வரவேண்டியதுங்க."

ஜெரால்டு கவரை வாங்கவில்லை. கேமராவைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "அது எனக்கு அப்பவே தெரியும்," என்றார்.

வெயில் சுவரில் இன்னும் ஒரு வரிசை கீழே இறங்கியது.

"முப்பத்தோரு படம் கறுப்பு. கடைசி அஞ்சும் கண்ணாடி மாதிரி வந்துச்சு. நடுவுல யாராவது முதுகைத் தொறக்காம ஒரு ரோல் அப்படி வராது. நடுவுல கேமரா யாரு கையில இருந்துச்சு? லேப்புல நெகடிவ்வத் தூக்கிப் பிடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏனுங்க அன்னைக்கு அவங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா? உன் கூலியில பிடிப்பாங்க. எழுபது ரூபா கூலியில எத்தன நாளு பிடிப்பாங்க? என்ன பெரிய புண்ணியவான்னு நெனச்சுக்காதே. ரெண்டு வருஷம் உன்னைத் திட்டாத நாளு கிடையாது. மக ஜெனிட்டாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பணம் கட்ட அந்தக் காசத்தான் நம்பியிருந்தேன். ஸ்டூடியோ வாடகைக்காரனுக்கும் அதுலதான் சொல்லி வெச்சிருந்தேன்." ஜெரால்டு சுவரோரக் கல்லில் உட்கார்ந்தார். "திட்டறதெல்லாம் போச்சு. ஒண்ணு மட்டும் போகல. அதக் கேக்கத்தான் வந்தேன். கடைசியா இந்தக் கோயில வெச்சதே அதுக்குத்தான். கேக்கவா?"

"கேளுங்கண்ணா."

"உன்னைத் தொறக்கச் சொன்னது யாரு?"

செங்கோடனுக்குப் புரியவில்லை. "யாரும் சொல்லலீங்களே."

"அந்தக் கணக்குக்காரரு செத்துப் போயிட்டாராமே, மணியன் போன்ல சொன்னான். இனிச் சொல்லறதுல ஒண்ணுமில்ல. காசு குடுக்காம இருக்கறதுக்கா, இல்ல வேதக்காரன் கோயிலுக்குள்ள வந்தது பிடிக்காமயா? உன்னை ஏவிவிட்டுச் செஞ்சாங்களான்னு நான் இருபத்தேழு வருஷமா எனக்குள்ளயே கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்கப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் யார் கையிலயும் கேமராவக் குடுத்ததில்ல. மூணு நாளு ஒரே போசியில தின்னவன் இப்படிச் செய்வானான்னுதான்."

அப்போதுதான் செங்கோடனுக்குத் தான் வைத்திருந்த கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. ஆயிரத்து நானூற்று அறுபதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் நெஞ்சில் இத்தனை வருஷம் இப்படியொன்று உட்கார்ந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"தோலுங்கண்ணா," என்றான்.

"என்ன தோல்?"

"அந்தக் கணக்குக்காரரு காலையில வாசல்ல நின்னு சொன்னாருங்க, மாட்டுத்தோலோட உள்ள வாராருன்னு. உங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. உங்கள ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னு, நீங்க தண்ணி குடிச்சுட்டு வாரதுக்குள்ள உறையக் கழட்டிப்போட்டேன். பாத்தா அடியிலயும் தோலு. அதையும் கழட்டிரலாம்னு குமிழப் புடிச்சு இழுத்தேன். கதவு தொறந்துக்கிச்சு. மூடிப்போட்டேன். மூடுனா சரியாப் போயிரும்னு நெனச்சேனுங்க. யாரும் சொல்லலீங்க. சாமி சத்தியமா நானேதான்."

ஜெரால்டு அவன் முகத்தையே பார்த்தார். அவன் பயந்த பார்வை அதுதான். நேரில் வந்தபோது அதில் கோபம் இல்லை.

"கேமரா உடம்புல இருந்தத உரிக்கப் பாத்தியா?"

"ஆமாங்க."

"அது தோலே இல்லடா. ரெக்சின். பஸ் சீட்டுல ஒட்டியிருக்குமே, அதேதான். உறைதான் தோல். அத நீ மொதல்லயே கழட்டிட்டே." ஜெரால்டின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "அதோட நின்னிருந்தா என் தோலும் பொழச்சிருக்கும், உன் தோலும் பொழச்சிருக்கும்."

சிரிப்பா அழுகையா என்று செங்கோடனுக்கு முதலில் தெரியவில்லை. சிரிப்புதான். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "சாமி கொட்டாயில இருக்குன்னு நீதானே சொன்னே. அப்ப இங்க தோலு வந்தா என்ன, தோல் செருப்பே வந்தா என்ன?"

"அந்த நேரத்துக்கு அது தோணலீங்களே," என்றான் செங்கோடன். அவனுக்கும் சிரிப்பு வந்தது. முட்டி வலியோடு மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சத்தம் கேட்டு மணியன் மூலையிலிருந்து எட்டிப்பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் திரும்பிப் போனான்.

"எந்திரி. வெயில் போயிரும்," என்றார் ஜெரால்டு. "காச அப்புறம் பாத்துக்கலாம். எந்தக் கல்லு எங்க இருக்கோணும்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியாதுங்க. பாதி தெரியும். கழட்டறப்ப நான்தான சுமந்தேன். அடியில மூளியா இருக்குதே, அது ரெண்டாம் வரிசையில மூலைக் கல்லு. தோள்ல வெச்சப்ப வலது பக்கம் இழுத்துச்சு. தலகீழா இருக்கறது மேல மூணாம் வரிசைக்குப் போகோணும். சொன்னேனுங்க, ஸ்தபதிகிட்ட. கூலிக்காரன் பேச்ச யாரு கேக்கறா?"

செங்கோடன் குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனான். ஜெரால்டு குனிந்தும் நிமிர்ந்தும், சில இடத்தில் மண்டி போட்டும் அமுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். முகம் கழுவப் போனபோது கேமராவைச் செங்கோடன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு, ஒரு விரலைக்கூட அசைக்காமல், அவர் வரும் வரைக்கும் நின்றான்.

ரெண்டு மணிக்கு வெயில் சுவரை விட்டுப் போனது. எழுத்து திரும்பக் கல்லுக்குள் போய்விட்டது. மணியன் கொடுத்த பொங்கலைத் தின்றுவிட்டு வண்டியில் மல்லசமுத்திரம் வந்தார்கள். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் செங்கோடன் கவரைத் திரும்ப நீட்டினான். ஜெரால்டு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். பிரித்தார். நோட்டை ஒவ்வொன்றாக எண்ணினார், பேங்கில் எண்ணுவதுபோல, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு. செங்கோடன் கூடவே மனசுக்குள் எண்ணினான்.

"ஆயிரத்து நானூத்தி அறுபது. சரியா இருக்கு," என்றார்.

"வட்டி கொண்டாரலீங்கண்ணா. அது எங்கிட்ட இல்ல."

"வட்டியத்தான் மத்தியானமே குடுத்துட்டியே. நான் கேக்க வந்தது அதுதான்." பணத்தைச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு நூறு ரூபாய் நோட்டை மட்டும் வெளியே எடுத்துக் கடைக்காரர் பக்கம் நீட்டினார். "ரெண்டு டீ. ஒண்ணு சக்கர இல்லாம."

"டீக்காசு நான் குடுக்கறனுங்க," என்று செங்கோடன் எழுந்தான்.

"உக்காருடா. மறுபடியும் ஒரு கணக்க ஆரம்பிக்காதே."

கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, டிராயரைத் திறந்து சில்லறை எடுத்துக் கொடுத்தார். செங்கோடன் உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கிக்கொண்டான்.